ஏபிஎஸ் விளக்கு எரிந்தால்: வீல் ஸ்பீடு சென்சாரைச் சோதிப்பதும் மாற்றுவதும்

காரின் இக்னிஷனைப் போட்டதும் மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகி, அதாவது சுற்றாமல் நின்று, சறுக்குவதைத் தடுக்கும் அமைப்புதான் ஏபிஎஸ். அணையாமல் நின்றாலோ ஓட்டத்தின் நடுவே எரிந்தாலோ, பெரும்பாலும் ஏதோ ஒரு சக்கரத்தின் வேகம் ஏபிஎஸ் மாடியூலுக்கு (அதை இயக்கும் மின்னணுப் பெட்டிக்கு) தெரியாமல் போயிருக்கிறது என்று பொருள். ஸ்கேனரை மாட்டினால் ‘இடது முன் வீல் ஸ்பீடு சென்சார்’ என்பது போல ஓர் எரர் கோடு வரும். அதைப் பார்த்த உடனே புது சென்சார் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில நாளில் அதே விளக்கு, அதே கோடு.

இந்த வீண் செலவுக்குக் காரணம், எரர் கோட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. அந்தச் சக்கரத்திலிருந்து வர வேண்டிய சிக்னல் ஒழுங்காக வந்து சேரவில்லை என்பது மட்டுமே மாடியூலுக்குத் தெரியும். எந்த உதிரிபாகம் கெட்டது என்று அதற்குத் தெரியாது. சிக்னல் உருவாகி வந்து சேரும் வழியில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: சக்கரத்தோடு சுற்றும் வளையம், அதன் முன்னால் அசையாமல் நிற்கும் சென்சார், வயரும் கனெக்டரும், கடைசியில் மாடியூல். இவற்றில் எது பழுதானாலும் ஸ்கேனர் காட்டும் பெயர் அநேகமாக ஒன்றேதான். எனவே சென்சாரை மாற்றும் வேலையைவிட, சென்சார்தான் காரணமா என்று உறுதிசெய்யும் வேலைக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

சிக்னல் எப்படி உருவாகிறது

சக்கரம் பொருத்தப்படும் நடுப்பகுதியான ஹப்பிலோ, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் மூட்டிலோ (சிவி ஜாயின்ட்) பல்சக்கரம் போன்ற ஓர் இரும்பு வளையம் இருக்கும். டோன் ரிங் என்பார்கள். சக்கரம் சுற்றும்போது அதன் பற்கள் ஒவ்வொன்றாக சென்சாரின் முனையைக் கடந்து போகின்றன. சைக்கிள் சக்கரக் கம்பிகளுக்கிடையே ஓர் அட்டையைச் செருகினால் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ‘டக்’ கேட்குமே, அதேபோல ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மின்துடிப்பு. வேகம் கூடினால் துடிப்புகள் நெருங்கும், குறைந்தால் விலகும்.

கணக்கு எளிது. டயரின் சுற்றளவு 1.9 மீட்டர், வளையத்தில் 48 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 8.8 முறை சுற்றும், சென்சார் 420 துடிப்புகளை அனுப்பும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அது 35 ஆகக் குறைந்துவிடும். நான்கு சக்கரங்களிலிருந்தும் வரும் துடிப்புகளை மாடியூல் இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பிரேக் போடும்போது ஒரு சக்கரத்தின் துடிப்பு மட்டும் மற்றவற்றைவிட மிக வேகமாகச் சரிந்தால், அந்தச் சக்கரம் லாக் ஆகிச் சறுக்கப்போகிறது என்று முடிவுசெய்து, அதன் பிரேக் அழுத்தத்தை மட்டும் விட்டுவிட்டுக் குறைக்கிறது.

இதே தகவலை டிராக்ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ஹில் ஹோல்ட், க்ரூஸ் கன்ட்ரோல் எல்லாம் கடன் வாங்குகின்றன. பல கார்களில் ஸ்பீடோமீட்டரே இதை நம்பித்தான் ஓடுகிறது. டயரில் தனி அழுத்த சென்சார் இல்லாத சில கார்கள், காற்றுக் குறைந்த சக்கரம் சற்று வேகமாகச் சுற்றுவதை வைத்தே காற்று இறங்கியதைக் கண்டுபிடிக்கின்றன. ஒரு சென்சார் தகராறு செய்ததும் மூன்று நான்கு விளக்குகள் கூட்டமாக எரிவது இதனால்தான். அத்தனையும் தனித்தனிப் பழுதுகள் என்று பயப்பட வேண்டியதில்லை.

இரண்டு வகை சென்சார், இரண்டு வகைச் சோதனை

1978-இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்-கிளாஸ் காரில் விற்பனைக்கு வந்தபோது இருந்தவை பேசிவ் சென்சார்கள். ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். அவ்வளவே. இரும்புப் பல் அருகே வரும்போதும் விலகும்போதும் காந்தப்புலம் மாற, சுருளில் தானாகவே ஏசி மின்னழுத்தம் பிறக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. குறை என்னவென்றால், சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது மின்னழுத்தமும் மங்கிவிடும். நடக்கும் வேகத்துக்குக் கீழே இந்த வகை ஏறக்குறைய ஊமை. பல்லுக்கும் முனைக்கும் இடையிலான இடைவெளி சற்றுக் கூடினாலும் சிக்னல் சட்டென்று பலவீனமாகிவிடும்.

ஆக்டிவ் வகையில் உள்ளே ஒரு சிறு மின்னணுச் சில்லு இருக்கிறது. மாடியூல் அதற்கு மின்சாரம் கொடுக்கிறது. சில்லு தான் இழுக்கும் மின்னோட்டத்தை மாற்றுவதன் மூலம் பதில் சொல்கிறது. பரவலாக உள்ள அமைப்பில் அது 7 மில்லிஆம்பியருக்கும் 14 மில்லிஆம்பியருக்கும் இடையே தாவும். வண்டி ஊர்ந்தால்கூட இது கண்டுகொள்ளும். சுழலும் திசையையும் சேர்த்துச் சொல்லும் வகைகளும் உண்டு. இன்றைய கார்களில் பெரும்பாலும் இதுதான். பலவற்றில் பற்கள் கொண்ட வளையமே இருக்காது. வீல் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் காந்தமேற்றிய ரப்பர்ப் பட்டை பதிக்கப்பட்டிருக்கும். பார்ப்பதற்குச் சாதாரண சீல் போலவே இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேரிங் மாற்றும்போது நடக்கும் ஒரு பெரிய தவறுக்கு இதுதான் வேர். அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டு வகையிலும் பெரும்பாலும் இரண்டே வயர்கள்தான் இருக்கும் என்பதால் வயரை எண்ணி வகையைச் சொல்ல முடியாது. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்ப்பதே நல்லது. அது இல்லையென்றால், சென்சார் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, வண்டிப் பக்கத்து இரண்டு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். பேட்டரிக்கு நெருக்கமான வோல்ட் காட்டினால் அது ஆக்டிவ் வகை. வகை தெரியாமல் ஓம் மீட்டரை எடுத்து சென்சாரின் மீது வைக்கக் கூடாது. பேசிவ் சென்சாருக்கு அது சரியான சோதனை. ஆக்டிவ் சென்சாரில் அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை, மீட்டர் செலுத்தும் மின்சாரமே சில்லைக் கெடுத்துவிடவும் கூடும்.

வண்டியே சொல்லும் அறிகுறிகள்

விளக்கு எப்போது எரிகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இக்னிஷனைப் போட்டதிலிருந்து அணையவே இல்லை என்றால், மாடியூல் தன் தொடக்கச் சோதனையிலேயே மின்சுற்று அறுந்திருப்பதையோ ஷார்ட் ஆகியிருப்பதையோ கண்டுவிட்டது. வயர், கனெக்டர், சென்சாரின் உட்புறம் இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொடக்கத்தில் அணைந்துவிட்டு, வண்டி நகர்ந்து மணிக்கு 10, 20 கி.மீ. தொட்டதும் எரிந்தால், மின்சுற்று முழுமையாக இருக்கிறது, துடிப்புதான் வரவில்லை. அப்போது வளையம், இடைவெளி, முனையில் படிந்த அழுக்கு ஆகியவை பட்டியலின் மேலே வரும். குண்டு குழியில் விழும்போதோ ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போதோ மட்டும் எரிந்தால், வயர் எங்கோ உள்ளுக்குள் அறுந்து தொட்டுத் தொட்டு விலகுகிறது.

இன்னோர் அறிகுறி உண்டு, அதில் விளக்கு எரியாமலேகூட இருக்கலாம். உலர்ந்த தரையில் மெதுவாக பிரேக் போட்டு நிற்கப்போகும் கடைசி நேரத்தில், மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழே, பெடல் காலடியில் ‘டர்ர்’ என்று அதிரும். வண்டி நினைத்த இடத்தைத் தாண்டி நிற்கும். ஒரு சென்சாரின் சிக்னல் மற்றவற்றுக்கு முன்பே செத்துவிடுவதால், அந்தச் சக்கரம் லாக் ஆகிவிட்டதென்று மாடியூல் நம்பி பிரேக்கை விடுகிறது. பேசிவ் சென்சாரின் அடியில் துரு ஏறி அது ஒரு மி.மீ. மேலே தூக்கப்பட்டாலே இது நடக்கும். இதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விளக்கு எரிந்தால் ஏபிஎஸ் வேலை செய்யாது, ஆனால் வழக்கமான பிரேக் முழுதாக இருக்கும். இங்கேயோ இருக்கிற பிரேக்கே குறைகிறது. நெரிசலில் முன்வண்டியின் பின்னால் ஊர்ந்து நிற்கும் அந்தக் கடைசி ஒரு மீட்டர்தான் ஆபத்து.

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது முன், பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் அமைப்பும் நின்றிருக்கலாம். அந்த நிலையில் பலமாக பிரேக் அடித்தால் பின் சக்கரங்கள் முதலில் லாக் ஆகி வண்டி சுழலும். ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பிரேக் ஆயிலின் அளவைப் பாருங்கள்.

கழற்றும் முன் சோதனை

மலிவான ஸ்கேனர்களில் பல, என்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும், அதாவது ‘பி’ (P) என்று தொடங்குபவை. ஏபிஎஸ் கோடுகள் ‘சி’ (C) என்று தொடங்கும். வாங்கும் முன் அது ஏபிஎஸ் மாடியூலோடு பேசுமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களின் வண்டிகளில் சி0035 இடது முன், சி0040 வலது முன், சி0045 இடது பின், சி0050 வலது பின் சக்கரத்தைக் குறிக்கும். எல்லா நிறுவனமும் இதே எண்களைப் பயன்படுத்துவதில்லை. இடது, வலது என்பது எப்போதும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்க்கும்போதுள்ள இடது, வலதுதான்.

கோட்டைக் குறித்துக்கொண்டபின், ஸ்கேனரில் அந்தந்த நொடியின் அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவைத் திறந்து நான்கு சக்கரங்களின் வேகத்தையும் பக்கம் பக்கமாக வையுங்கள். ஒருவர் ஓட்ட மற்றொருவர் பார்ப்பதுதான் முறை. நேர்ச்சாலையில் மணிக்கு 30 கி.மீ.யில் நான்கும் ஒட்டி நிற்க வேண்டும். ஒன்று பூஜ்யத்திலேயே கிடந்தால் சிக்னல் அறவே இல்லை. ஒன்று மட்டும் சீரான இடைவெளியில், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, சட்டென்று குதித்தால் வளையம் விரிசல் விட்டிருக்கிறது அல்லது ஒரு பல் உடைந்திருக்கிறது. வண்டி நிற்கும்போது ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு முன்பே பூஜ்யத்துக்கு விழுந்தால் இடைவெளி கூடியிருக்கிறது. எப்போதும் ஒரே விகிதத்தில் சற்று அதிகமாகவோ குறைவாகவோ காட்டினால் டயரைப் பாருங்கள்: வேறு அளவு டயர், சிறிய ஸ்பேர் சக்கரம், காற்றுக் குறைவு. சில சதவீத வித்தியாசத்தை மாடியூல் பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் கோடு போட்டுவிடும். டயரால் வந்த கோட்டுக்கு சென்சார் மாற்றியவர்கள் நிறைய.

அடுத்தது கண்ணும் கையும். சக்கரத்தைக் கழற்றி, சென்சாரிலிருந்து கிளம்பும் வயரை விரலால் பற்றிக்கொண்டே கனெக்டர் வரை போங்கள். முன் சக்கரங்களில், ஷாக் அப்சார்பர் தூணில் வயரைப் பிடித்திருக்கும் ரப்பர்க் கிளிப்புகளுக்கு அருகில்தான் அதிகம் அறுபடும். ஒவ்வொரு திருப்பத்திலும் மடிவது அந்த இடம்தான். வெளி உறை முழுதாக இருந்து உள்ளே செம்பு மட்டும் அறுந்திருப்பதும் உண்டு, அங்கே வயர் வழக்கத்தைவிடத் தளதளவென்று மடியும். கனெக்டரைத் திறந்தால் பின்கள் பச்சை பூத்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா, ரப்பர் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையாக இருந்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்துச் சுத்தம்செய்து மாட்டிப் பார்க்கலாம். அதிலேயே தீர்ந்துபோகும் வண்டிகள் பல.

வளையத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். சிவி ஜாயின்ட்டின் மீது இறுக்கமாக ஏற்றிய வளையங்களின் அடியில் துரு பெருத்து, உள்ளிருந்து நெட்டித் தள்ளி வளையத்தைப் பிளந்துவிடும். விரிசல் மயிரிழை அளவில்தான் தெரியும். பற்களுக்கிடையே கெட்டித்த சேறு, கிரீஸ், இரும்புத்தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேசிவ் சென்சாரின் முனையில் காந்தம் இருப்பதால் பிரேக் டிஸ்க் தேய்ந்து உதிரும் தூள் தாடிபோல் ஒட்டிக்கொள்ளும். காந்தப் பட்டையாக இருந்தால் வெறும் கண்ணால் ஒன்றும் தெரியாது. அதற்கென்று காந்தத் துருவங்களைக் கோடுகளாகக் காட்டும் மெல்லிய அட்டை விற்கிறார்கள். பட்டையின் மேல் வைத்தால் கோடுகள் சம இடைவெளியில் தெரிய வேண்டும், எங்காவது மங்கினாலோ விடுபட்டாலோ பட்டை கெட்டுவிட்டது.

கையோடு பேரிங்கையும் சோதியுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. பேரிங் ஆடினால் வளையமும் ஆடும், இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். புது சென்சார் அதைச் சரிசெய்யாது.

பிறகுதான் மீட்டர். பேசிவ் சென்சாராக இருந்தால் கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரு பின்களுக்கிடையே மின்தடையை அளவிடுங்கள். பெரும்பாலானவை 800 முதல் 2,500 ஓம் வரை காட்டும். உங்கள் மாடலின் எண் மேனுவலில் இருக்கும். இல்லையென்றால் அதே அச்சின் மறுபக்கத்து சென்சாரோடு ஒப்பிடுங்கள். எல்லையில்லாத் தடை என்றால் சுருள் அறுந்தது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் உள்ளே ஷார்ட். ஒரு பின்னுக்கும் வண்டியின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. அடுத்து மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, சக்கரத்தை விநாடிக்கு ஒரு சுற்று வீதம் கையால் சுழற்றுங்கள். நல்ல சென்சாரில் குறைந்தது 100 மில்லிவோல்ட் அளவில் எழும், வேகமாகச் சுழற்றினால் கூடும். தடை சரியாக இருந்து இந்த எண் மட்டும் குறைந்தால் குற்றம் இடைவெளியிலோ வளையத்திலோ இருக்கிறது.

ஆக்டிவ் வகையில் முதலில் வண்டிப் பக்கத்து கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் சென்சாரைத் தொடாதீர்கள், பழுது வயரிலோ மாடியூலிலோ இருக்கிறது. வருகிறதென்றால், ஒரு வயரின் இடையே மீட்டரை மில்லிஆம்பியர் நிலையில் தொடராக இணைத்துச் சக்கரத்தை மிக மெதுவாக நகர்த்துங்கள். எண் 7-க்கும் 14-க்கும் இடையே தாவினால் சென்சாரும் வளையமும் உயிரோடு இருக்கின்றன. ஒரே எண்ணில் உறைந்துவிட்டால் சென்சாரோ வளையமோ பழுது. பூஜ்யமாக இருந்தால் சென்சாரிலோ அதன் வயரிலோ மின்சுற்று அறுந்திருக்கிறது. அளவிடும் ஊசியால் வயரின் உறையைக் குத்தித் துளையிடாதீர்கள். அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கி, சில மாதத்தில் செம்பு அரித்துப் போய்ப் புதுப் பழுது கிளம்பும். கனெக்டரின் பின்புறமிருந்து மெல்லிய ஊசியைச் செருகித் தொடுவதே முறை.

இடது, வலது சென்சார்கள் ஒரே பாக எண்ணாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. இரண்டையும் மாற்றி மாட்டி, கோட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். கோடு மறுபக்கத்துக்கு இடம்பெயர்ந்தால் சென்சார்தான் குற்றவாளி. ஆனால் துருப்பிடித்த வண்டியில் இதை முயல வேண்டாம். நல்ல சென்சாரைக் கழற்றும்போதே உடைத்துவிடுவீர்கள்.

மாற்றும் வேலை

வாங்கும்போது வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்துச் சரியான பாக எண்ணைப் பெறுங்கள். முன், பின், இடது, வலது எல்லாம் வேறுபடலாம். கைக்கு வந்ததும் பழையதோடு ஒப்பிட்டு முனையின் நீளம், போல்ட் துளையின் கோணம், வயர் நீளம், கனெக்டரின் வடிவம் நான்கும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். முனை ஒரு மி.மீ. குட்டையாக இருந்தால்கூடப் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. சில கார்களில் சென்சார் ஹப்போடு ஒன்றாகவே வரும், அவற்றில் ஹப் முழுவதையும் மாற்ற வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, தரையைவிட்டு எழும்பாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டு வையுங்கள். இக்னிஷனை அணையுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்று இளக்கி, ஜாக்கியால் உரிய இடத்தில் தூக்கி, ஜாக் ஸ்டாண்டின் மீது இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ வண்டிக்கடியில் கை நீட்டக் கூடாது. முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பினால் ஹப்பைத் தாங்கும் வார்ப்புப் பாகமான நக்கிளின் பின்புறம் வெளியே வரும்.

வேலையை கனெக்டர் முனையிலிருந்து தொடங்குங்கள். அது மட்கார்டின் உள் லைனருக்குப் பின்னாலோ, என்ஜின் பகுதியிலோ, பின் சக்கரமானால் பின்னிருக்கைக்கு அடியிலோ இருக்கும். வயர் போகும் வழியை நான்கைந்து போட்டோ எடுத்துவையுங்கள். ஒவ்வொரு கிளிப்பும் அங்கே வைக்கப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. கனெக்டரின் பூட்டை அழுத்தி, வயரைப் பிடித்து இழுக்காமல், உடலைப் பிடித்துப் பிரியுங்கள்.

சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு சிறு போல்ட். பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர் அல்லது 5 மி.மீ. ஆலன் கீ, சிலவற்றில் டார்க்ஸ் எனும் நட்சத்திர முனைச் சாவி. கழற்றும் முன் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். ஆலன் போல்ட்டின் குழியில் அடைத்திருக்கும் மண்ணைக் கீறி எடுத்துவிட்டுச் சாவியை முழு ஆழத்துக்குச் செருகுங்கள். அரைகுறையாகச் செருகித் திருப்பினால் குழி வழுக்கிப் போகும்.

போல்ட் வந்தபின்தான் உண்மையான போராட்டம். சென்சாரின் உடல் பிளாஸ்டிக், அது அமர்ந்திருக்கும் துளை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. இரும்பு துருவேறிப் பருத்து பிளாஸ்டிக்கை நாலாபுறமும் நெரித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் போல்ட் துளையுள்ள காது உடைந்து கையோடு வரும், உடல் துளைக்குள் தங்கிவிடும். நெம்பாமல் திருகுங்கள். பிளேயரால் பிடித்து இடதுபக்கம் ஒரு மி.மீ., வலதுபக்கம் ஒரு மி.மீ. என்று ஆட்டி, ஸ்ப்ரே அடித்து, காத்திருந்து, மறுபடி ஆட்டுங்கள். சுழல ஆரம்பித்ததென்றால் வந்துவிடும். தீயால் சூடாக்காதீர்கள், பேரிங் சீலும் காந்தப் பட்டையும் பாழாகும்.

உடைந்து உள்ளே தங்கிவிட்டால், சுத்தியலால் உள்ளே தள்ளும் ஆசை வரும். துண்டு வளையத்தின் மீதோ பேரிங் சீலின் மீதோ மோதினால் சிறிய வேலை பெரிய வேலையாகிவிடும். மிச்சத்தின் நடுவே சிறு துளை போட்டு, மர ஸ்க்ரூ ஒன்றை ஏற்றி, அதைப் பிளேயரால் பிடித்து நேராக வெளியே இழுக்கலாம். துளை போடும்போது ஆழத்தில் கவனம் வேண்டும், டிரில் பிட்டில் டேப் சுற்றி அளவு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டிரைவ் ஷாஃப்டையோ ஹப்பையோ கழற்றிப் பின்பக்கத்திலிருந்து தட்டித்தான் எடுக்க வேண்டும்.

துளையைச் சுத்தம்செய்வதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். எமரித் தாளை மெல்லிய குச்சியில் சுற்றி உட்சுவரைத் தேய்த்துத் துருவை எடுங்கள். தூள் உள்ளே விழாமல் முதலில் சிறு துணியை அடைத்துவிட்டு, முடிந்ததும் வேக்குவம் வைத்து உறிஞ்சிவிட்டுத் துணியை எடுங்கள். போல்ட் அமரும் பரப்பிலும் துரு ஒட்டியிருக்கக் கூடாது. அங்கே நிற்கும் துரு சென்சாரைத் தூக்கி நிறுத்திவிடும், பொய்யான ஏபிஎஸ் அதிர்வு தொடங்குவது அதனால்தான். காந்தமேற்றிய ஸ்க்ரூடிரைவரையோ காந்தப் பொறுக்கியையோ பட்டையின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

புது சென்சாரின் பக்கவாட்டில் மட்டும் சிலிக்கான் அல்லது செராமிக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். முனையில் வேண்டாம். உலோகத்தூள் கலந்த செம்பு கிரீஸைத் தவிருங்கள். விரல் அழுத்தத்திலேயே சென்சார் முழுதாக உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் துளை இன்னும் சுத்தமாகவில்லை. போல்ட்டை இறுக்கி இழுத்து உட்காரவைக்க முயன்றால் காது உடையும். இறுக்கம் பல வண்டிகளில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், சிறிய ஸ்பேனரால் மணிக்கட்டு வலுவில் இறுக்கினாலே போதும். இன்றைய சென்சார்களில் இடைவெளி தானாகவே அமையும். இடைவெளியைச் சரிசெய்யும் பழைய வகையாக இருந்தால், மேனுவலில் உள்ள அளவுக்கு, காந்தம் பிடிக்காத பித்தளை ஃபீலர் கேஜால் அமைக்க வேண்டும். அது வழக்கமாக ஒரு மி.மீ.க்குள் இருக்கும்.

வயரைப் பழைய வழியிலேயே, ஒரு கிளிப்பையும் விடாமல், முறுக்கு விழாமல் கொண்டுபோங்கள். கேபிள் டையால் இறுக்கிக் கட்டிவிடுவது நல்லதல்ல, வயர் அசைய வேண்டிய இடத்தில் அசைய வேண்டும். சக்கரத்தை மாட்டும் முன் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, வயர் எங்கும் இழுபடாமல், டயர் வரும் இடத்தில் தொங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் பைப் எதையும் திறக்காததால் காற்று எடுக்கும் வேலை இதில் இல்லை.

ஆக்டிவ் சென்சாராக இருந்தால் வண்டியை இறக்கும் முன்பே சோதித்துவிடலாம். கியரை நியூட்ரலில் வைத்து, இக்னிஷனைப் போட்டு, லைவ் டேட்டாவைத் திறந்து ஹப்பைக் கையால் சுழற்றுங்கள். மணிக்கு ஓரிரு கி.மீ. காட்டினால் வேலை சரி. பிறகு சக்கரத்தை மாட்டி, நட்டுகளை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். கோட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் மணிக்கு 20 கி.மீ. தாண்டி, நான்கு சிக்னலும் ஒத்துவந்த பிறகே விளக்கு அணையும். நின்ற இடத்திலேயே அணையவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

மாற்றியும் கோடு திரும்பினால்

அண்மையில் அந்தச் சக்கரத்தில் பேரிங் மாற்றியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். காந்தப் பட்டை உள்ள பேரிங்கின் ஒரு பக்கம் மட்டுமே சென்சாரைப் பார்க்க வேண்டும். திருப்பி அழுத்திவிட்டால் சக்கரம் சத்தமின்றி அருமையாகச் சுற்றும், சிக்னல் மட்டும் வராது. அழுத்தி எடுத்த பேரிங்கை மறுபடி பயன்படுத்த முடியாததால் இன்னொரு பேரிங்தான் தீர்வு. அழுத்தும் முன் துருவம் காட்டும் அட்டையையோ ஒரு பேப்பர் கிளிப்பையோ இரு பக்கமும் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் காந்தம் என்று உடனே தெரிந்துவிடும்.

பேரிங்கைத் தொடவில்லை என்றால் வயரிங். இக்னிஷனை அணைத்து, மாடியூல் கனெக்டரையும் சென்சார் கனெக்டரையும் கழற்றி, ஒவ்வொரு வயரையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளவிடுங்கள். ஓர் ஓமுக்குள் இருக்க வேண்டும். இரண்டு வயர்களுக்கிடையிலும், வயருக்கும் வண்டி உடலுக்கும் இடையிலும் தொடர்பு இருக்கக் கூடாது. அளவிடும்போதே வயரை நெடுக ஆட்டிக்கொண்டிருங்கள், எண் துடித்த இடத்தில்தான் அறுவு. வண்டி உடலுக்குள் அசையாமல் கிடக்கும் பகுதியில் அறுந்திருந்தால் ஒட்டுப்போடலாம், ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடியாக இருந்தால் அந்த முறுக்கைத் திரும்பக் கொடுங்கள், மற்ற வயர்களின் மின்னிரைச்சலைத் தடுப்பது அதுதான். சக்கரத்தின் பக்கம் மடிந்து நிமிரும் பகுதியில் சால்டர் வைத்து ஒட்டினால், ஒட்டின் விளிம்பு விறைத்து மறுபடி அதே இடத்தில் அறுபடும். அங்கே சென்சாரை வயரோடு மாற்றுவதுதான் வழி.

மாடியூலைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். சென்சார், வளையம், வயர் மூன்றும் அளவில் தேறியபின், அதன் கனெக்டரில் பேட்டரி மின்சாரமும் கிரவுண்டும் ஒழுங்காக வருகின்றனவா, உள்ளே தண்ணீரோ பிரேக் ஆயிலோ இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கிரவுண்டு போல்ட்டின் துருவைத் தேய்த்து இறுக்கியதில் உயிர்பெறும் மாடியூல்களும் உண்டு. அதற்குப் பிறகும் அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாடியூலின் பின்னிலேயே மின்சாரம் வரவில்லை என்றால், அதைப் பழுதுபார்க்கக் கொடுக்கலாம். வேறு மாடியூல் போட்டால் அந்த வண்டிக்கேற்ப புரோகிராம் செய்ய வேண்டியிருக்கும். ஹைட்ராலிக் பகுதியோடு சேர்த்துக் கழற்றினால் பிரேக் ஆயில் மாற்றி, ஸ்கேனர் உதவியோடு காற்றும் எடுக்க வேண்டியிருக்கும். அந்த ஸ்கேனர் வசதி உள்ள பட்டறையில் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள்.